கொம்பன்பாறையின் மேற்கு முகம்

ஏப்ரல் 11, செவ்வாய்

நாகர்கோவிலிலிருந்து வெட்டுமுனைக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர். பேருந்து எடுத்துக்கொண்டது இரண்டு மணி நேரம். நடுவழியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, யாரிடமோ பெண்ணுக்கு என்ன படிப்பு, மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்றெல்லாம் சாவகாசமாக விசாரித்தார். உள்ளே இருந்த நாற்பது பேரில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. எனக்குப் பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்து, சாப்பாடு போடுகிறார்களா என்று கேட்டார்.

ஜீப் அனுப்புவதாகச் சொன்ன பொறியாளர், நிறுத்தத்தில் ஸ்கூட்டரோடு நின்றார். பெயர் ஜெபசிங். முப்பது வயதிருக்கும், மார்த்தாண்டத்துக்காரர். சட்டைப்பையில் மூன்று பேனாக்கள்.

"ஜீப்பு டயரு போயிட்டு மேடம். பயப்படாம ஏறுங்க, நான் பையத்தான் போவேன்" என்றார். அறுபத்தொரு வயதில், கையில் பெட்டியோடு, ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். இருபத்தேழு வருடம் நிலவியல் சொல்லிக்கொடுத்ததற்குக் கிடைத்த மரியாதை.

வந்த வேலை இதுதான். கொம்பன்பாறைக்கு வடக்கே, பாறை ஒதுக்கித் தரும் மணல்திட்டில், அரசு ஒரு மீன் ஏலக்கூடம் கட்டப் போகிறது. மேலே கூரை, உள்ளே பெண்கள் உட்கார்ந்து மீன் விற்க மேடைகள். கட்டுவதற்கு முன் பாறை உறுதியாக இருக்கிறதா என்று ஒரு நிலவியலாளர் கையெழுத்துப் போட வேண்டுமாம். இந்தப் பாறையை அளந்து ஆராய்ச்சி செய்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். 1992இல் களப்பணி, 94இல் பட்டம். ஆகவே தேடிப் பிடித்து அழைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம், அதன் அடியில் 'முனைவர் சௌதாமினி' என்று ஒரு கையெழுத்து. அதற்குப் பத்து நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அரசாங்கத்துக்கு அவ்வளவு நாள் தேவைப்படும் போலிருக்கிறது.

பிலோமி என்ற மீன்காரியின் வீட்டு மாடியில் தங்கல். ஐம்பது வயது, உரத்த குரல். என்னைப் பார்த்ததும், "பாறையம்மா வந்துட்டாவ!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். அந்தக் காலத்தில் சுத்தியலோடு அலைந்ததற்காக இந்த ஊர் எனக்கு வைத்த பெயர். இன்னும் உயிரோடிருக்கிறது.

ஏப்ரல் 12, புதன்

காலையில் பாறையைப் பார்க்கப் போனால், அதன் முன்னால் ஒரு ஜோடி. அடுத்த மாதம் கல்யாணமாம், இப்போதே படம் பிடிக்கிறார்கள். அந்தப் பெண் என் பாறையின் மடிப்புகளின் மேல் சாய்ந்துகொண்டு, வானத்தைப் பார்த்து, இல்லாத எதையோ கண்டு வியந்தாள். புகைப்படக்காரன், "பின்னாடி நல்ல டிசைன் மேடம்" என்றான் என்னிடம். டிசைன்!

இதையாவது எழுதி வைக்கிறேன். இந்த ஊரில் வேறு எவனுக்கும் எழுதத் தெரியாது. கொம்பன்பாறை ஏழெட்டு மாடி உயரத்துக்குக் கடலோரத்தில் தனியாக நிற்கும் தூண். ஒரு காலத்தில் கரையோடு சேர்ந்த முனையாக இருந்தது. அலை இரண்டு பக்கமும் அரித்து, நடுவில் குகை குடைந்து, குகையின் கூரை இடிந்து, நுனி மட்டும் மிஞ்சியது. கல்லோ அதைவிடப் பல மடங்கு பழையது. ஐம்பத்தைந்து கோடி வருடங்களுக்கு முன், பூமிக்குள் இருபது கிலோமீட்டர் ஆழத்தில், உருகாமல் ஆனால் குழைந்து, இரு பக்கமும் நெரிபட்டு மடிந்தது. வெள்ளை அடுக்கு, கறுப்பு அடுக்கு, இடையிடையே மிளகு அளவில் சிவந்த கார்னெட் மணிகள். கறுப்பு அடுக்கு மைக்கா. விரலால் தேய்த்தால் செதில் செதிலாக வரும். ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் வழுக்குவதானால் அங்கேதான் வழுக்கும்.

ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று. அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்கின்றன? தெற்கே சாய்ந்தால், உடைவது கடலில் விழும்; யாருக்கும் நஷ்டமில்லை. வடக்கே சாய்ந்தால், ஏலக்கூடத்தின் மேல் விழும்.

கரையிலிருந்து தெரியும் கிழக்கு முகத்தில் மடிப்புகள் கசக்கிப் போட்ட துணியாகக் கிடக்கின்றன. சாய்வு இதுதான் என்று சொல்ல முடியாது. வடக்கு முகம் கத்தியால் வெட்டியதுபோலச் செங்குத்தான சுவர். அதில் அடுக்குகள் வெறும் படுக்கைக் கோடுகளாகத் தெரியும். அவை நம்மை நோக்கிச் சாய்கின்றனவா, உள்ளே சாய்கின்றனவா என்று அந்தச் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மேற்கு முகத்தில்தான் எல்லாம் வெளிச்சம். அது கடலைப் பார்த்து நிற்கிறது. என் ஆய்வேட்டில் பதினான்காம் படம் அந்த மேற்கு முகம்தான். சாய்வு தெற்கே, நாற்பது பாகை. முடிந்தது கதை.

ஜெபசிங்குக்கு முடியவில்லை. "கடல் பக்கத்த நீங்க எப்பிடி மேடம் பாத்திய? நான் ட்ரோன் விட்டுப் பாக்கலாம்னு கேட்டேன், அனுமதி வரல."

"புகைப்படம் எடுத்து, அதன்மேல் அளந்து வரைந்தது" என்றேன்.

"ஃபிலிம் நெகட்டிவ் இருக்கா மேடம்? ஃபைல்ல சேத்துக்கலாம்."

2015 வெள்ளத்தில் வேளச்சேரி வீட்டோடு போய்விட்டது என்றேன். பாவம், என் வீட்டுக்காகத் துக்கப்பட்டார். அந்த மூன்று பேனாக்களில் ஒன்றுகூட எழுதவில்லை. என்னிடம் கடன் வாங்கிக் குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 13, வியாழன்

கிழக்கு முகத்தில் திசைமானியை வைத்துப் பதினொரு அளவு எடுத்தேன். பதினொன்றும் பதினொரு திசை. எதிர்பார்த்ததுதான். மதியம் சாளைக் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும். இந்த ஊரில் உருப்படியாக நடக்கும் ஒரே காரியம் சமையல்.

ஏப்ரல் 14, வெள்ளி

வருடப்பிறப்பு விடுமுறை என்று ஜெபசிங் வரமாட்டார் என நினைத்தேன். வந்தார். என் வயதிருக்கும் ஒருவரையும் கூட்டிவந்தார்.

"பாறையம்மா! எங்கள மறந்துட்டியளா? எஸ்தாக்கியாக்கும்."

மறக்கவில்லை. 92இல் இந்தக் கரையில் எவனும் என்னைக் கட்டுமரத்தில் ஏற்றவில்லை. பெண் கால் வைத்த மரத்தில் மீன் படாதாம். பட்டப்படிப்பு, பல்கலைக்கழகக் கடிதம், பங்குத்தந்தையின் சிபாரிசு, எதுவும் செல்லவில்லை. பதினேழு நாள் கரையில் நின்று கெஞ்சினேன். ஆண்களுக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது. கடைசியில் எஸ்தாக்கி என்ற வாலிபன், தான் போய்ப் படம் எடுத்துவருவதாகச் சொன்னான். என் கேமராவைக் கொடுத்து, பத்து நிமிடம் பாடம் நடத்தி அனுப்பினேன். முப்பத்தாறு படங்களில் பாறை நான்கே நான்கு. மற்றவையெல்லாம் அவனுடைய மச்சான் மிக்கேல். மிக்கேல் துடுப்போடு, மிக்கேல் மீனோடு, மிக்கேல் சும்மா.

இன்று வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்றார். போனோம். சுவரில் மாதாவுக்குக் கீழே, சட்டம் போட்டு, மிக்கேல். கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் முழுக்கக் கொம்பன்பாறையின் மேற்கு முகம். ஊரைவிட்டுப் போகும்போது நான்தான் ஒரு பிரதி கொடுத்தேனாம்.

"மச்சான் மஞ்சக்காமாலைல போயிட்டாரு. படத்த நல்லாப் பாருங்க சாரே" என்று ஜெபசிங்கைச் சுவர்ப்பக்கம் இழுத்தார் எஸ்தாக்கி. "வெடி போட்டு மீனு பிடிக்கப் போயி அவருக்கு ரெண்டு வெரலு போனது சோத்துக்கையில. படத்துல எந்தக் கையில இல்ல?"

"எடது கையில."

"ஆங்! நாரோயிலு ஸ்டூடியோக்காரன் ஃபிலிம மறிச்சு வச்சு அடிச்சுட்டான். மச்சான் சாவுற வர சொல்லிச் சிரிப்பாரு. எலேய், அந்த ஸ்டூடியோவுல போயி நின்னா எனக்கு சோத்துக்கை முழுசாக் கெடைக்கும்லான்னு."

ஜெபசிங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செல்போனில் அந்தப் படத்தைப் படம் எடுத்தார், மனைவிக்குக் காட்ட. முப்பது வருடமாக இந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இந்த வேடிக்கையைக் காட்டியிருக்கிறார்கள். எவ்வளவு மலிவான ரசனை.

வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எஸ்தாக்கி வாசல்வரை வந்தார். "அன்னைக்கு ஒங்கள மரத்துல ஏத்தல. நெஞ்சுல கெடக்கு. இப்ப அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வள்ளத்துல மோட்டரு இருக்கு. நாளைக்கே வாருங்க, ஒரு சுத்து சுத்திக் காட்டுகேன்" என்றார். பார்க்கலாம் என்றேன்.

குறிப்பு: ஸ்டுடியோவில் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக அச்சடிப்பார்கள். ஒன்று இடம் வலமாக மறிந்தால் எல்லாமே மறிந்தன என்று பொருளல்ல. இது யாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஏப்ரல் 15, சனி

எஸ்தாக்கி ஆள் அனுப்பினார். கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஊர்ப் பெண்கள் மொத்தமும் மணல்திட்டில். ஏதோ மாநாடு என்று மாடியிலிருந்து பார்த்தேன். பிலோமி வந்து, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள்.

கூடம் கட்ட இன்னும் ஒரு செங்கல் வரவில்லை. அதற்குள் இருபத்தெட்டுப் பெண்கள் மணலில் சுண்ணாம்புக் கோடு போட்டு இருபத்தெட்டுக் கட்டம் வரைந்து, கோயிலில் சீட்டுக் குலுக்கி, ஆளுக்கொரு கட்டம் பிரித்துக்கொண்டாகிவிட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் குச்சியால் பெயர். தன் பெயருக்குப் பக்கத்தில் ஒருத்தி நண்டு வரைந்திருந்தாள். இன்னொருத்தி கோட்டை அரையடி தள்ளிப் போட்டுவிட்டாள் என்று அதற்குள் ஒரு சண்டை. அரசாங்கத்தின் வேகமும் இவர்களின் அவசரமும் எந்தக் காலத்திலும் சந்திக்கப் போவதில்லை.

பிலோமிக்குக் குலுக்கலில் விழுந்தது பாறையை ஒட்டிய முதல் கட்டம். அதுதான் எல்லாருக்கும் வேண்டியிருந்ததாம். மதியம் வரை நிழல்.

"இருபத்தஞ்சு வருசமா ரோட்டுல, வெயில்ல குந்தியிருந்து மீனு விக்கேன். மண்ட காஞ்சு போவும். மீனு பதினொரு மணிக்கெல்லாம் கண்ணு மங்கிரும். இங்கன எப்பிடிக் குளுந்து கெடக்கு பாத்தியளா?" என்று சுவரில் கை வைத்தாள். வடக்குச் சுவரில். அவள் கைக்குப் பக்கத்தில் மைக்கா அடுக்கு ஒன்று, உள்ளங்கை அகலம்.

"கல் ஏதும் விழுவதுண்டா?" என்று கேட்டேன்.

"மழைக்காலத்துல சின்னதும் பெருசுமா உருளும். அது எப்பவும் உள்ளதுதான்."

அலை அடிக்கிற இடத்தில் கல் உருளாமல் என்ன செய்யும். அதற்கு ஆயிரம் காரணம் உண்டு.

ஏப்ரல் 17, திங்கள்

கள்ளக்கடல். காற்றும் மழையும் இல்லாமல், எங்கோ தெற்கே கிளம்பிய அலை திருட்டுத்தனமாகக் கரையேறுவதற்கு இங்கே அந்தப் பெயர். காலை ஒன்பது மணிக்கு மணல்திட்டில் முழங்கால் அளவு தண்ணீர். வள்ளங்களை மேலே இழுத்துவிட்டு ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. பத்தரைக்கு ஒரு சத்தம். லாரியிலிருந்து ஜல்லியைக் கொட்டுவதுபோலத் தொடங்கி, அடுத்த நொடி காலடியில் அதிர்ந்தது.

தண்ணீர் வடிந்ததும் பார்த்தோம். பாறையின் வடக்குச் சுவரிலிருந்து ஒரு பலகை நழுவி, கட்டங்கள் இருந்த இடத்தின் நடுவே கிடக்கிறது. ஆட்டோ அளவு. சுவரில் அது இருந்த இடம் புதிதாய்ப் பளபளக்கிறது. யாருக்கும் அடியில்லை.

"வடக்கால விழுந்திருக்கு மேடம்" என்றார் ஜெபசிங், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

"அடியில் அலை குடைந்தால் மேலே உள்ளது விழும். எந்தப் பக்கமும் விழும்" என்றேன்.

"அப்ப அலைக்கு ஒரு தடுப்புச் சுவரு போட்டா போதும், இல்லியா? அத எஸ்டிமேட்டுல சேத்துருவேன்."

தலையசைத்தேன். மேலே ஏறி அந்தப் பளபளப்பான இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். கால் வலி என்றேன்.

மாலை நான்கு மணிக்கு மாடியிலிருந்து பார்க்கிறேன், பெண்கள் மறுபடியும் வந்துவிட்டார்கள். கல்லைச் சுற்றிப் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு. விழுந்த பலகை தட்டையாக, இடுப்பு உயரத்தில் இருக்கிறதாம். கட்டத்துக்குள் கல் வந்தவள், மீன் வெட்ட அரசாங்கம் மேடை கட்டித்தரத் தேவையில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்கிறாள். மற்றவர்களுக்குப் பொறாமை. இப்படிப்பட்ட ஜனங்களுக்கு யார் என்ன செய்துவிட முடியும்?

ஏப்ரல் 18, செவ்வாய்

கையெழுத்துப் போட்டேன். ஜெபசிங் வியாழக்கிழமை நாகர்கோவில் எடுத்துப் போகிறார்.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. மதியம் பிலோமி நெய்மீன் வாங்கிப் பொரித்துப் போட்டாள். விற்கிற மீனில் ஒரு துண்டைத் தான் தின்னாதவள். பிறகு, "வாருங்க" என்று மணல்திட்டுக்கு நடத்திப் போனாள். அவளுடைய கட்டத்தில் ஒரு பனையோலைப் பாய் விரித்திருந்தது. "ஒங்க கையெழுத்துல கெடச்சதுல்லா. மொதல்ல நீங்க இருங்க. ராசியாட்டு இருக்கட்டும்."

உட்கார்ந்தேன். சுவரில் முதுகு பட்டது. குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அவள் எதிரில் உட்கார்ந்து, தராசு இங்கே, கூடை அங்கே, ஐஸ் பெட்டி இந்த மூலையில் என்று காட்டிக்கொண்டே போனாள். நான் தலைக்கு மேலே இருந்த கோடுகளை எண்ணினேன். ஏழு மைக்கா அடுக்கு. ஏழாவதின் கீழே நேற்றைய இடைவெளி. மணல் ஒரு துளி என் தோளில் விழுந்தது. உண்மையில் மணல்தான், வெறும் மணல்.

எழுந்துவிட்டேன். நான்கு நிமிடம்கூட உட்காரவில்லை.

"என்னம்மா, எறும்பு கடிச்சுட்டா?" என்று சிரித்தாள்.

ஜெபசிங் அதே சமயம் அங்கே வந்து, செல்போனில் மிக்கேலின் படத்தைப் பெண்களுக்குக் காட்டிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். நாலு நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். விரலைப் பார்க்கிறார். விரலுக்குப் பின்னால் ஏழு மாடி உயரத்துக்கு நிற்கிறது, அதைப் பார்க்கவில்லை. பொறியாளராம். அவருக்குப் புரிந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 19, புதன்

காலை ஏழு மணிக்கு நானாகவே எஸ்தாக்கி வீட்டுக்குப் போனேன். அவர் என்னைக் கரைக்குக் கூட்டிப்போனார். வள்ளத்தில் ஏறக் கை கொடுத்தார். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த இளவட்டங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பதினேழு நாள் கெஞ்சியும் கிடைக்காதது, இன்று யாருடைய கவனத்துக்கும் தகுதியில்லாத காரியமாகிவிட்டது.

பாறையின் தெற்கு முனையைச் சுற்றி வெளியே வந்ததும் மோட்டாரை நிறுத்தினார். மேற்கு முகம்.

கடலிலிருந்து கரையைப் பார்த்தால் இடது கை வடக்கு, வலது கை தெற்கு. அடுக்குகள் வெள்ளையும் கறுப்புமாக உச்சியிலிருந்து நேராக இடது பக்கம் இறங்குகின்றன. நாற்பது பாகை. அதில் மட்டும் நான் தவறவில்லை. வடக்கே. ஒவ்வொரு கறுப்பு அடுக்கும் வடக்குச் சுவரில் போய் முடிகிறது, பிலோமியின் கட்டத்துக்கு நேர் மேலே.

"நல்லாப் பாருங்கம்மா. முப்பது வருசமாச்சு" என்றார் எஸ்தாக்கி. "அன்னைக்கு நான் எடுத்த படம் ஒங்களுக்குப் பிரயோசனப்பட்டுதா?"

"பட்டது" என்றேன். அந்த மனிதர் முகம் எவ்வளவு மலர்ந்தது!

இதை எழுதித்தான் ஆக வேண்டும். நெகட்டிவ் வெள்ளத்தில் போகவில்லை. சென்னையில் என் மேசையின் மூன்றாவது இழுப்பறையில், பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. 1994 ஜூன் மாதம், பட்டம் கிடைத்து இரண்டு மாதம் கழித்து, வகுப்புக்குக் காட்டலாம் என்று எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்து எண்கள் நேராகத் தெரியும்படி பிடித்தால் பாறை இடப்பக்கம் சாய்ந்தது. மேசையில் கிடந்த அச்சுப்படத்தில் வலப்பக்கம். சுருள் முழுவதையும் மறித்து வைத்து அடித்திருந்தான். திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்த வாரம்தான் விரிவுரையாளர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. டப்பாவை மூடி உள்ளே வைத்தேன்.

அதற்குப் பிறகு பதினான்காம் படத்தை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள்! வெளிநாட்டுக்காரர்கள்கூட. ஒருவன்கூட ஒரு வள்ளம் பிடித்துப் போய்ப் பார்க்கவில்லை. அவர்களை முட்டாள்கள் என்று நினைத்து நினைத்தே முப்பது வருடம் ஓட்டினேன். ஓட்டுநரும் முட்டாள், பொறியாளரும் முட்டாள், ஊரே முட்டாள். இந்தப் பாறையைப் பற்றித் தெரிந்தே பொய் சொன்னவள் நான் ஒருத்திதான்.

ஏப்ரல் 20, வியாழன்

ஜெபசிங் கோப்போடு கிளம்பும்போது பிடித்தேன். கையெழுத்துப் போட்ட பக்கத்தை வாங்கிக் கிழித்தேன். அவருடைய செல்போனில் மிக்கேலின் படத்தை எடுக்கச் சொல்லி, ஸ்கூட்டர் கண்ணாடியில் காட்டச் சொன்னேன். மிக்கேலின் விரல்கள் சரியான கைக்குப் போயின. பாறை வடக்கே சாய்ந்தது. அவர் செல்போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் கண்ணாடியில் காட்டினார்.

"இது ஸ்டூடியோ செஞ்ச தப்பு மேடம். அப்பிடியே எழுதலாம். ஒங்களுக்கு இப்பத்தான் தெரிய வந்ததுன்னு போட்டா ஒண்ணும் வராது."

நல்ல பையன். இவ்வளவு நாளும் அதைப் பார்க்காமல் பேனாக்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்: அடுக்குகள் வடக்கே சாய்கின்றன, பதினான்காம் படம் தவறு, 1994 ஜூனிலிருந்து எனக்குத் தெரியும், மணல்திட்டில் கூடம் கட்டக் கூடாது, இப்போதும் யாரும் உட்காரக் கூடாது. கோப்பை மூடிக்கொண்டு போனார்.

பெண்களிடம் நானே சொல்ல வேண்டும் என்று மணல்திட்டுக்குப் போனேன். பாதி சொல்வதற்குள் ஒருத்தி, "அப்ப எங்களுக்குக் கூடம் இல்லியா?" என்று கேட்டாள். இந்த இடத்தில் இல்லை, வேறு இடம் பார்ப்பார்கள் என்றேன். எந்தக் காலத்தில் பார்ப்பார்கள் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாய்வு எனக்கு முன்பே தெரியும் என்று எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். ஒருத்தி மணலை வாரி இறைத்துவிட்டுப் போனாள். நண்டு வரைந்தவள் உட்கார்ந்து அழுதாள். பிலோமி தன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் பெட்டியைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். சமையலறை வாசலில் உட்கார்ந்து சாளைக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். தட்டு வைத்தாள். நான் உட்கார்ந்த பிறகு, கத்தியை நிறுத்தாமல் கேட்டாள்:

"எப்பத் தெரியும்னு எழுதிக் குடுத்திய?"

"தொண்ணூற்று நாலு ஜூன்."

"எனக்கு மூத்தவ பொறந்தது தொண்ணூத்தஞ்சு கிறிஸ்மசுக்கு. மூணு மாசத்துலருந்து அவள அந்தப் பாற நெழலுலதான் தொட்டிலு கெட்டிப் போடுவேன். ரெண்டு வருசம். வெயிலு படாம ஒறங்கட்டும்னு. அப்பவும் ஒங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

இரண்டு சாளைக்குச் செதில் எடுத்தாள். மூன்றாவதைக் கையில் எடுத்து அப்படியே வைத்திருந்தாள்.

"ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம்லாம்மா. அந்தப் பக்கம் பிள்ளையளப் போடாதீங்கன்னு. அதுக்கு நேரமில்லாம போச்சா?"

"நேரம் இருந்தது" என்றேன்.